உருப்படிக்கு ஒரு டாலர்



இன்றைக்கு அமெரிக்காவில் மாடு வளர்ப்பவர்களின் கதை ஒன்றைச் சொல்லப் போகிறேன். அங்கே மாடு வளர்ப்பது பெரும்பாலும் கறிக்காக. நம்மிலே சிலர் மாட்டுக்கறி சாப்பிடுவோம், சிலர் தொடமாட்டோம். அது அவரவர் வீட்டுச் சமாசாரம். எனக்கு அடுப்படியிலே வேலை இல்லை. நான் சந்தையைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். பொருளை விளைவித்தவனே கைக்காசு போட்டு அதற்குக் கிராக்கி உண்டாக்க முடியுமா? உண்டாக்கினால் அந்த லாபம் யார் மடியிலே வந்து விழும்? நெல்லுக்கும் தேங்காய்க்கும் தக்காளிக்கும் கூட இந்தக் கேள்வி உண்டு அல்லவா?

மகமை என்றால் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். விருதுநகர், சிவகாசிப் பக்கத்து வியாபாரிகள் மூட்டைக்கு இவ்வளவு என்று எடுத்து வைத்து, கோயிலும் பள்ளிக்கூடமும் கட்டினார்களே, அதுதான். அமெரிக்க மாட்டுக்காரர்கள் செய்ததும் ஒரு மகமை என்றே வைத்துக்கொள்ளுங்கள். சேர்ந்த பணத்தை ஜனங்களைக் கறி வாங்க வைப்பதற்குச் செலவழித்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆரம்பம் 1922இல், சிகாகோ நகரத்தில். நாட்டின் பல பக்கத்திலிருந்தும் மாடும் பன்றியும் ஆடும் ரயிலில் வந்து இறங்கிய பெரிய சந்தை அது. தேசியக் கால்நடை, இறைச்சி வாரியம் என்று ஒன்றை அங்கே ஏற்படுத்தினார்கள். விற்பனைக்கு வந்த ரயில் பெட்டி ஒன்றுக்கு 5 சென்ட் பிடித்தார்கள். ஒரு மாட்டுக்கு இல்லை ஐயா, ஒரு பெட்டி நிறைய மாட்டுக்கு 5 சென்ட்! அதுவும் இஷ்டப்பட்டவர் கொடுத்தால் போதும். அந்தச் சில்லறையை வைத்துச் சமையல் குறிப்பு அச்சடிப்பது, கறியிலுள்ள சத்தைப் பற்றி ஆராய்வது, எந்தப் பாகத்தை எப்படி அறுப்பது என்று படம் போட்டுக் காட்டுவது, இப்படி வேலை நடந்தது.

இதற்கு ஏன் ஊர் கூடிப் பணம் போட வேண்டும்? சோப்புக் கம்பெனிக்காரர் விளம்பரம் செய்தால் அவர் பெயர் உறையின் மேலே இருக்கிறது, ஜனங்கள் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்குகிறார்கள். மாட்டுக்காரரின் கறிக்குப் பெயர் ஏது? மான்டானாவில் வளர்ந்த மாடும் டெக்சாஸில் வளர்ந்த மாடும் கடைத் தட்டிலே ஒரே கறி. ஒருத்தர் தனியாக விளம்பரம் செய்தால் செலவு அவருக்கு, பலன் ஊருக்கு. அதனால் ஒருவரும் செய்யமாட்டார்கள். சேர்ந்து செய்வோம் என்றாலோ, நம்ம ஊர்க் கண்மாய் மராமத்துக் கதைதான். மண்வெட்டியோடு பாதிப் பேர் வருவார்கள், மடை திறந்த அன்றைக்கு எல்லோர் வயலுக்கும் தண்ணீர் பாயும். வராதவனுக்குப் பாயாதே என்று தண்ணீரிடம் சொல்ல முடியுமா? இஷ்டப்பட்டவர் மட்டும் கொடுத்த மகமைக்கு இருந்த சங்கடம் இதுதான்.

மாட்டுக்கறிக்கு ஜனங்கள் தாமாகவே வந்துகொண்டிருந்த வரைக்கும் இந்தச் சங்கடம் பெரிதாகத் தெரியவில்லை. 1970களில் காற்று மாறியது. 1973இல் கறி விலை ஏறிப்போய், அந்த நாட்டுப் பெண்கள் கறி வாங்கமாட்டோம் என்று பகிஷ்காரம் செய்தார்கள். ஜனாதிபதி நிக்ஸன் கறிக்கு உச்சவரம்பு விலை கட்டினார். மாட்டுக்காரர்கள் விலையை நம்பி மந்தையைப் பெருக்கி வைத்திருந்த நேரம் அது. 1975இல் அந்த நாட்டில் 13 கோடி மாடுகளுக்கு மேல் இருந்தன. விலை சரிந்ததும் மந்தையைத் தள்ளிவிட ஆரம்பித்தார்கள். கசாப்புக்கு மாடு வந்து குவிந்தது. 1976இல் ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 43 கிலோ மாட்டுக்கறி தின்றார்கள். அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு தின்றதில்லை.

இந்த இடத்திலே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அதிகம் தின்ற அந்த வருஷத்தில் மாட்டுக்காரன் கையிலே காசு இல்லை. தக்காளி வரத்து கூடிப்போய் கிலோ மூன்று ரூபாய்க்கு வருகிறபோது, கூடை கூடையாகத்தான் விற்றுத் தீர்கிறது. அதைப் பார்த்து, ஆகா தக்காளிக்கு எவ்வளவு கிராக்கி என்று யாராவது சொல்வோமா? அதே கிலோவுக்கு ஜனங்கள் நேற்றைவிடக் கூடக் கொடுக்கத் தயாராக இருந்தால்தான் கிராக்கி கூடியது என்று அர்த்தம். தின்ற எடை வேறே, கிராக்கி வேறே. படித்தவர்கள் கூட இதிலே தடுமாறுகிறார்கள்.

அந்தக் கிராக்கிதான் 1980 வாக்கில் தொடங்கிப் பதினெட்டு வருஷம் போலச் சரிந்துகொண்டே போனது. காரணம் ஒன்றல்ல. 1977இல் அமெரிக்க செனட் சபைக் குழு ஒன்று, நல்ல உணவு எது என்று யோசனை சொல்லும்போது கறியைக் குறையுங்கள் என்றது. மாட்டுக்காரர்கள் கூச்சல் போட்ட பிறகு அந்த வருஷ முடிவிலேயே வாசகத்தைக் கொஞ்சம் மாற்றினார்கள் என்றாலும், கொழுப்பு கெடுதல் என்ற பேச்சு வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்துவிட்டது. பெண்கள் வேலைக்குப் போனார்கள். ரெண்டு மணி, மூன்று மணி நேரம் அடுப்பிலே வேக வைக்கும் பெரிய கறித்துண்டுக்கு யாருக்கு நேரம்? இன்னொரு பக்கம் கோழி வந்தது. கோழிக் கம்பெனிகள் தங்கள் பெயரைப் போட்டு டெலிவிஷனில் விளம்பரம் செய்தன. 1983இல் மெக்டொனால்டு கடைகள் எலும்பில்லாத கோழித் துண்டுகளை நாடு முழுக்க விற்கத் தொடங்கின. வாயிலே போட்டால் முடிந்தது வேலை! மாட்டுக்கறியோ தாத்தா காலத்தில் அறுத்த மாதிரியே கடையிலே கிடந்தது.

மாட்டுக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. எல்லோரும் கட்டாயமாகக் கொடுக்கிற மகமை ஒன்றுக்கு 1976இல் சட்டம் வந்தது. ஆனால் மாட்டுக்காரர்கள் ஓட்டுப் போட்டு ஏற்றால்தான் அமலாகும் என்பது விதி. 1977இல் ஓட்டு நடந்தது. பாதிக்கு மேலே சரி என்றார்கள். சட்டம் கேட்டது மூன்றில் ரெண்டு பங்கு. தோற்றுப் போனது. பாதிக்கு மேல் கிடைத்தால் போதும் என்று விதியைத் தளர்த்தி 1980இல் மறுபடி ஓட்டுக்கு விட்டார்கள். இந்தத் தடவை பாதி கூடத் தேறவில்லை. மாட்டுக்காரர்கள் அங்கே பிடிவாதக்காரர்கள். என் மாடு, என் புல், என் கஷ்டம், இதிலே வாஷிங்டனுக்கு என்ன வேலை என்று கேட்கிற ஜாதி.

1985 டிசம்பரில் மூன்றாம் முயற்சி. பெரிய விவசாயச் சட்டம் ஒன்றின் உள்ளே இதையும் சேர்த்து நிறைவேற்றினார்கள். இந்தத் தடவை வகுத்த முறையில் கெட்டிக்காரத்தனம் இருந்தது. ஓட்டுக்குப் பிறகு வசூல் என்பதை மாற்றி, முதலில் வசூல், பிறகு ஓட்டு என்றார்கள். உருப்படி ஒன்றுக்கு ஒரு டாலர். கணக்குத் தெரியாதவனுக்கும் புரிகிற தொகை. வேண்டாம் என்பவர் எழுதிக் கேட்டால் திரும்பக் கொடுப்போம் என்றார்கள். 1986 அக்டோபர் 1ஆம் தேதி வசூல் தொடங்கியது. ஒன்றரை வருஷம் வேலையைக் கண்ணாலே பார்த்த பிறகு, 1988 மே 10ஆம் தேதி ஓட்டு. நூற்றுக்கு 79 பேர் சரி என்றார்கள். அன்றோடு பணம் திரும்பக் கொடுப்பதும் நின்றது. பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் டாலரைக் கொடுத்தே ஆகவேண்டும்.

அந்த டாலர் போகும் பாதையைப் பாருங்கள். ஒருவர் கன்றை ஈன வைத்து, ஏழெட்டு மாதம் வளர்த்து விற்கிறார். சந்தையிலே கிரயத்திலிருந்து ஒரு டாலர் பிடித்துக்கொள்வார்கள். வாங்கியவர் அதைப் புல்வெளியில் மேய்த்து, தீவனம் போட்டுக் கொழுக்க வைக்கும் பட்டிக்கு விற்கிறார். இன்னொரு டாலர். பட்டிக்காரர் கறித் தொழிற்சாலைக்கு விற்கிறார். மூன்றாவது டாலர். பால்மாடு வைத்திருப்பவரும், கறவை வற்றிய மாட்டையோ காளைக் கன்றையோ விற்றால் டாலர் கட்ட வேண்டும். வெளிநாட்டிலிருந்து மாட்டையோ கறியையோ இறக்குமதி செய்பவருக்கும் அதே கணக்கு. வசூலான டாலரில் பாதி வரைக்கும் அந்தந்த மாநில வாரியம் வைத்துக்கொள்ளலாம். மிச்சம் தேசிய வாரியத்துக்கு. இந்தப் பணத்தில் அரசியல் செய்யக்கூடாது, சட்டம் போடு, சட்டத்தை எடு என்று யாரையும் பிடித்து இழுக்கக்கூடாது. வாரிய நிர்வாகச் செலவு வருமானத்தில் நூற்றுக்கு 5ஐத் தாண்டக்கூடாது. எழுத்திலே எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது.

பணம் கையிலே வந்ததும் முதல் காரியமாக என்ன செய்தார்கள் தெரியுமா? சினிமா நட்சத்திரத்தைத் தேடிப் போனார்கள். 1987இல் ஜேம்ஸ் கார்னர் என்ற நடிகரும் சிபில் ஷெப்பர்ட் என்ற நடிகையும் மாட்டுக்கறியைப் புகழ்ந்து டெலிவிஷனில் வந்தார்கள். அந்த அம்மாள் கறியைத் தவிர்ப்பதுதான் தன் அழகுக்கு ஒரு காரணம் என்று பத்திரிகையில் சொன்னதாகச் செய்தி வந்தது. கார்னருக்கு 1988இல் இருதய ரத்தக் குழாய்க்கு ஆபரேஷன்! கொழுப்பால் இருதயம் கெடும் என்ற பயத்தைப் போக்க வந்த விளம்பரத்துக்கு இப்படி ஒரு கதி. நாடே சிரித்தது. நட்சத்திரத்துக்குக் கொட்டிய பணத்தில் பாதியாவது அடுப்படிப் பக்கம் போயிருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

1992இல் புத்தி வந்தது. மாலையில் வேலை முடிந்து வருகிற எல்லோர் மனதிலும் ஒரு கேள்வி இருக்கிறது: ராத்திரிக்கு என்ன செய்வது? புதிய விளம்பரம் அந்தக் கேள்விக்குப் பதிலாகவே அமைந்தது. மாட்டுக்கறி, ராத்திரிச் சாப்பாட்டுக்கு அதுதான் என்று ஒரே வரி. ராபர்ட் மிட்சம் என்ற பழைய நடிகரின் கனத்த குரல் மட்டும் கேட்கும். பின்னாலே ஆரன் கோப்லாண்ட் 1942இல் மாட்டுக்காரர் வாழ்க்கையை வைத்துச் செய்த நாட்டியத்துக்கான இசை. திரையிலே சட்டியில் வதங்குகிற கறி. அந்த வரி அந்த நாட்டிலே குழந்தைக்கும் மனப்பாடம் ஆனது. இன்றைக்கும் வாரியம் அதையே வைத்துக்கொண்டிருக்கிறது.

ஆனால் வரி மனப்பாடம் ஆனதால் விற்பனை கூடிவிட்டதா? இல்லை. கிராக்கி அதற்குப் பிறகும் ஆறு வருஷம் சரிந்துகொண்டுதான் இருந்தது. 1990களின் ஆரம்பத்தில் ஆளுக்குச் சுமார் 30 கிலோவாக இறங்கிவிட்டது. 1993இல் ஈ. கோலி என்ற கிருமி இருந்த கொத்துக்கறியைச் சரியாக வேக வைக்காமல் கொடுத்ததால் நாலு குழந்தைகள் இறந்தன, நூற்றுக்கணக்கானோர் படுத்துவிட்டார்கள். என்ன விளம்பரம் செய்தால் இதை மறைக்க முடியும்? மகமைப் பணத்தில் ஒரு பகுதியைக் கிருமி ஆராய்ச்சிக்குத் திருப்பினார்கள். பொருளிலே குறை இருக்கும்போது கொட்டு மேளம் அடித்துப் பிரயோசனம் இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

என்னைக் கேட்டால் இந்தப் பணத்தில் நடந்த உருப்படியான வேலை ஒரு சவ்வைப் பற்றியது. முன்சப்பையும் கழுத்தடியும் சேர்ந்த பாகம் மாட்டின் கறி எடையிலே கால் பங்குக்கு மேல் வரும். முரட்டுக் கறி என்று அதை மலிவாகத் தள்ளுவார்கள், இல்லாவிட்டால் கொத்துக்கறியாக அரைத்துவிடுவார்கள். நெப்ராஸ்கா, புளோரிடா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் மகமைப் பணத்தில் மாட்டின் சதைகளைத் தனித்தனியாகப் பிரித்து, ஆயிரக்கணக்கில் சோதனை செய்தார்கள். சப்பை எலும்பின் மேலே ஒட்டியிருக்கும் ஒரு சதை மாட்டிலேயே ரெண்டாவது மிருதுவான கறி என்று தெரிய வந்தது. நடுவிலே ஒரு தடித்த சவ்வு ஓடுகிறது. அதனால்தான் யாரும் சீந்தவில்லை. சவ்வின் மேலே கத்தியைப் படுக்கப் போட்டு ரெண்டாகப் பிளந்து, சவ்வை உரித்து எறிந்தார்கள். பழைய இஸ்திரிப் பெட்டி வடிவத்தில் துண்டு வந்தது. அந்தப் பெயரையே வைத்து, 2002 வாக்கில் ஓட்டல்களுக்கும் கடைகளுக்கும் கொண்டு போனார்கள். அரைத்துத் தள்ளிய சதை நல்ல துண்டுக் கறியின் விலைக்கு ஏறியது. அதே மாடு, அதே தீவனம். கத்தி போன திசை மட்டும் மாறியது.

வெளிநாட்டு விற்பனையிலும் இப்படித்தான். அமெரிக்கர் அதிகம் விரும்பாத நாக்குக்கு ஜப்பானில் நல்ல விலை. 2003 டிசம்பரில் மாட்டுப் பைத்திய நோய் ஒரு மாட்டிலே தென்பட்டதும் ஜப்பான் கதவைச் சாத்தியது, திறக்க ரெண்டு வருஷம் ஆனது. உள்நாட்டு ஜனங்கள் மட்டும் கறியைக் கைவிடவில்லை. 1998க்குப் பிறகு கிராக்கி மெல்லத் திரும்பியது. இதற்கு மகமை மட்டுமா காரணம்? கொழுப்பு பரவாயில்லை, மாவுச்சத்தைக் குறை என்று ஒரு சாப்பாட்டு மோகம் அப்போது அந்த நாட்டிலே பரவியதும் உதவியது.

போட்ட டாலருக்கு என்ன திரும்பி வந்தது என்று கார்னெல் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் ஹாரி கெய்சர் கணக்குப் போட்டார். 2006 முதல் 2013 வரைக்கும் ஒரு டாலருக்கு 11 டாலர் 20 சென்ட். 2019 முதல் 2023 வரைக்கும் 13 டாலர் 41 சென்ட் என்று வந்தது. நல்ல கணக்குதான். கணக்குப் போடச் சொன்னது அதே வாரியம் என்பதையும் மனதிலே வைத்துக்கொள்ள வேண்டும். அந்த 13 டாலரும் ஒவ்வொரு மாட்டுக்காரர் பையிலும் போய் விழுந்தது என்றும் நினைத்துவிடாதீர்கள்.

எதிர்ப்புக்காரர்கள் இங்கேதான் பிடித்தார்கள். 1980இல் பட்டியில் கொழுத்த மாடுகளில் நூற்றுக்கு 36ஐ நாலு பெரிய கறிக் கம்பெனிகள் வாங்கின. பின்னாலே அது 85 வரை போய்விட்டது. வாங்குகிறவர் நாலே பேர் என்றால் விலையை யார் சொல்வது? நம்ம சந்தையிலே துண்டைப் போட்டு விரலைப் பிடிக்கத் தரகர் பத்துப் பேர் இருந்தாலே மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. 2020இல் கொரோனா காலத்தில் இது பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. தொழிலாளர்கள் நோயில் விழுந்து கறித் தொழிற்சாலைகள் மூடின. கடையிலே கறி விலை உச்சத்துக்கு ஏறியது; அதே வாரத்தில் மாட்டு விலை இறங்கியது. கிராக்கி இருந்தது, மாடும் இருந்தது, நடுவிலே வாசல் குறுகிக் கிடந்தது.

இன்னொரு மனக்குறை, விளம்பரம் பொதுவாக மாட்டுக்கறி என்றுதான் சொல்கிறது. கறி எந்த நாட்டுடையது என்று சீட்டு ஒட்டவேண்டும் என்ற விதியையும் உலக வர்த்தக நிறுவனத்தில் தோற்றபின் 2015இல் எடுத்துவிட்டார்கள். என் டாலரிலே வெளிநாட்டுக் கறிக்கும் சேர்த்துப் பாட்டுப் பாடுகிறீர்களே என்று கேட்டார்கள் சிறு பண்ணைக்காரர்கள். இறக்குமதிக்காரரும் பணம் கட்டுகிறாரே என்பது வாரியத்தின் பதில். இந்த விளம்பர, ஆராய்ச்சி வேலைகளில் பெரும்பகுதியைக் குத்தகைக்கு எடுத்துச் செய்வது மாட்டுக்காரர் சங்கம் ஒன்று. அதே சங்கம் இன்னொரு கையால் அரசியலும் செய்கிறது. பணம் கலந்துவிடாதா என்று சந்தேகம். 2010இல் கணக்குப் பார்த்தபோது கலந்துதான் இருந்தது. 2 லட்சம் டாலருக்கு மேல் திருப்பிக் கட்டினார்கள்.

1998இல் தொடங்கி, மறுபடி ஓட்டு வை என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளைத் திரட்டினார்கள். செல்லுபடியான கையெழுத்து போதவில்லை என்று விவசாய இலாகா தள்ளிவிட்டது. வழக்கு போட்டார்கள். நான் சொல்ல விரும்பாத ஒன்றை என் பணத்தை வாங்கிச் சொல்வது என் பேச்சுரிமையைப் பறிப்பதில்லையா என்பது வாதம். கீழ்க் கோர்ட்டுகள் ஆமாம் என்றன. 2005 மே மாதம் சுப்ரீம் கோர்ட் 6க்கு 3 என்ற கணக்கில் இல்லை என்றது. காரணத்தைக் கேளுங்கள்: இது மாட்டுக்காரர் பேச்சே இல்லை, அரசாங்கத்தின் பேச்சு, சட்டசபை சொன்னது, விவசாய மந்திரி ஒப்புதல் கொடுக்கிறார், ஆகையால் வரிப்பணத்தில் அரசாங்கம் பேசுவது போலத்தான். இது உங்கள் பணம், உங்கள் குரல் என்று இருபது வருஷமாகச் சொல்லி வசூலித்தவர்கள், கோர்ட்டிலே ஜெயிப்பதற்காக இது அரசாங்கத்தின் குரல் என்று வாதாடினார்கள்! டாலர் தப்பியது. ஆனால் சிறு பண்ணைக்காரர் மனதிலே விழுந்த முடிச்சு அவிழவில்லை.

நம்ம நாட்டிலே கோழிப் பண்ணைக்காரர்கள் 1982இல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு என்று சேர்ந்து, விலையை அறிவித்து, தினம் முட்டை சாப்பிடுங்கள் என்று விளம்பரம் செய்தது நாமக்கல் பக்கத்தாருக்குத் தெரியும். அங்கே கட்டாயச் சட்டம் இல்லாமலே காரியம் நடந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அமெரிக்காவில் அந்த ஒரு டாலர் 1986இலிருந்து ஏறவே இல்லை. அன்றைய ஒரு டாலர் சாமானை இன்றைக்கு வாங்கக் கிட்டத்தட்ட மூன்று டாலர் வேண்டும்; ஆக, அந்த டாலரின் மதிப்பு பழைய கணக்கில் மூன்றில் ஒரு பங்கு போலத்தான். பல மாநிலங்கள் தங்கள் பங்குக்குத் தனியாக இன்னொரு டாலர் கேட்டு ஓட்டு வைத்தன. 2014இல் டெக்சாஸ் மாட்டுக்காரர்கள் சரி என்றார்கள். வேண்டாதவர் கேட்டால் திருப்பிக் கொடுக்கிற ஏற்பாடு. 2016இல் மிசௌரி மாநிலத்தில் கேட்டபோது, ஓட்டுப் போட்டவர்களில் நாலில் மூன்று பங்குக்கு அருகில் முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.